நெடுந்தீவு நடைத்திட்டம், பன்னிரண்டாம் திருத்தம்

வெள்ளவத்தை
11.02.2025

அன்புள்ள அன்னபாக்கியம்,

நான் நலம். நீர் கொட்டாஞ்சேனைக்குப் போய் இன்றுடன் ஒன்பது நாள். மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். மூன்று தடவையும் உம்முடைய தங்கை ரஜனிதான் பேசினாள். "அக்கா கதைக்க மாட்டாவாம் அத்தான். போனிலை கேட்டா நீங்கள் 'பாப்பம்' எண்டுதானே சொல்லுவியளாம். சொல்லுறதை எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பட்டாம்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் வரிசையாக வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்தவும். இரண்டாம் திகதி காலை வெள்ளவத்தை ஸ்டேஷனில் யாழ்ப்பாண ரெயில் வந்தது. நீர் ஏறினீர். பைகளை நான் ஏற்றினேன். அப்போதுதான் நடைத்திட்டத்தின் பதினான்காம் பக்கம், அதாவது நெடுந்தீவில் நாங்கள் இரண்டாம் நாள் நடக்க வேண்டிய பாதை, கோப்பில் இல்லாததைக் கண்டேன். வீட்டுக்குப் போய் எடுத்து வரலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் ரெயில் போய்விட்டது. நீர் கோட்டையில் இறங்கி, பைகளோடு நேரே தங்கை வீட்டுக்குப் போனீர். பதினான்காம் பக்கம் என் சட்டைப்பையில் இருந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

என் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. திட்டம் இன்னும் பதினோராம் திருத்தத்தில்தான் நிற்கிறது. அந்தத் தீவை நான் நேரில் கண்டதில்லை என்பதால் ஒவ்வொரு பாதையையும் இங்கே நடந்து பார்க்க வேண்டியிருந்தது. முதலாம் பாதையின் நீளம் எங்கள் வீட்டிலிருந்து பாமன்கடைக்குப் போய் வருவதற்குச் சமம். இரண்டாவது, கடற்கரையோரமாகத் தெஹிவளை வரை. மூன்றாவது களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் முடிகிறது. அது தற்செயல்தான், என்றாலும் மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. எல்லாவற்றிலும் உம்முடைய நடைவேகத்தையும், வழியில் தெரிந்தவர்களைக் கண்டால் நீர் நின்று கதைக்கும் நேரத்தையும் சேர்த்திருக்கிறேன். நெடுந்தீவில் உமக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது பன்னிரண்டாம் திருத்தத்தில் சரிசெய்யப்படும்.

இங்ஙனம்,
மு. நாகேந்திரம்
(கேட்டபடியால் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.)


கொட்டாஞ்சேனை
14.02.2025

திரு. நாகேந்திரம் அவர்களுக்கு,

நீங்கள் வரிசையாக வைத்ததில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரெயில் நகர்ந்தபோது நீங்கள் கை காட்டினீர்கள். ஓடி வரவில்லை, கூப்பிடவில்லை. யாரையோ வழியனுப்ப வந்தவர்போல நின்று கை காட்டினீர்கள். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, "மாத்தயா என்னெ நெத்த?" என்று கேட்டார். ஐயா வரவில்லையா என்று. நான் என்ன சொல்ல? அவர் ஐம்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லவா?

நான் இதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். எழுதினால்தான் நீங்கள் கோப்பில் வைப்பீர்கள். 1974இல் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. நெடுந்தீவில் ஒரு பாடசாலை. நான் பெட்டி அடுக்கினேன். நீங்கள் "கடல் கடக்க வேணும், பாப்பம்" என்றீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், நியமனம் வேறொருத்திக்குப் போனது. நான் வெள்ளவத்தையில் பாலர் வகுப்பு நடத்தினேன். கவலைப்படவில்லை. ஆனால் நான் படிப்பிக்காமல் விட்ட ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நீங்களும் ஓம் என்றீர்கள். ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து நடைத்திட்டம் போடத் தொடங்கினீர்கள். பதினொரு வருடத்தில் பதினொரு திருத்தம்.

மார்ச் இரண்டாம் திகதி நானும் ரஜனியும் போகிறோம். திட்டத்தை அனுப்புங்கள். ஆளையும் அனுப்ப முடிந்தால் நல்லது. திரும்பி வரும்போது நான் கோட்டையில் இறங்குவதா, வெள்ளவத்தையில் இறங்குவதா என்பதைத் தீவில் வைத்து முடிவு செய்வேன்.

அன்னபாக்கியம்


வெள்ளவத்தை
20.02.2025

அன்புள்ள அன்னபாக்கியம்,

உம்முடைய கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். கோப்பில் வைக்கவில்லை. மேசையில் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் திருத்தம் இத்துடன் வருகிறது. முப்பத்தொரு பக்கம், ஒரு வரைபடம். இறங்குதுறையில் இறங்கி, கடலுக்கு முதுகு காட்டி நின்று, வலப்பக்கம் திரும்பினால் முதலாம் பாதை தொடங்கும். அது பழைய கோபுரத்துக்குப் போகும். இரண்டாம் பாதை இடப்பக்கம். அங்கே குதிரைகள் மேயும் வெளியும் சிறு ஊர்களும் உண்டு. தீவு முழுவதும் தட்டையானது. மிக உயர்ந்த இடமும் எங்கள் இரண்டாம் மாடியை விடத் தாழ்வாகத்தான் இருக்கும். ஆகவே மூச்சு வாங்காது. குதிரைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.

நான் வருவது குறித்து. மார்ச் முதல் வாரம் எங்கள் மாடிக்குத் தண்ணீர்த் தாங்கி கழுவ வருகிறார்கள். யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். இரத்த அழுத்தமும் கொஞ்சம் கூட.

பி.கு: தாங்கி கழுவ ஒரு மணித்தியாலம்தான் ஆகும். அதை நீர் எப்படியும் கேட்பீர் என்பதால் நானே எழுதுகிறேன். எனக்குப் படகு பயம். ஐம்பது வருடமாகக் கடலுக்கு எதிரே குடியிருக்கிறேன். எனக்கு அதைத் தெரியும். அதற்கு என்னைத் தெரியாமல் இருக்கும்வரை நல்லது.

மு. நாகேந்திரம்


கொட்டாஞ்சேனை
26.02.2025

திரு. நாகேந்திரம் அவர்களுக்கு,

திட்டம் கிடைத்தது. ரஜனி முழுவதையும் புரட்டிவிட்டு, "அக்கா, கடைசியிலை சோதினையும் இருக்கோ?" என்று கேட்கிறாள்.

உங்கள் குடை என்னிடம்தான் இருக்கிறது. தீவில் சுதர்சினி என்ற பிள்ளையின் வீட்டில் அறை சொல்லியிருக்கிறோம். பி.கு.வுக்கு நன்றி. அதை முதல் வரியாக எழுதியிருக்கலாம், 1974இல்.

அன்னபாக்கியம்


குறிகட்டுவான் இறங்குதுறை
04.03.2025, காலை 7.40

அன்புள்ள அன்னபாக்கியம்,

அவசரம். முதலாம் பாதையில் போக வேண்டாம். இரண்டாம் பாதையிலும் போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீர் புறப்பட்ட பிறகு வீடு மிகவும் அமைதியாக இருந்தது. நீர் இருக்கப்போகும் இடத்தைப் பார்க்கும் ஆசையில் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன். தொலைபேசி வரைபடங்களை நான் ஒருபோதும் நம்பியதில்லை, உமக்குத் தெரியும். அது தீவை இடம் வலமாக மாற்றிக் காட்டியது. தொலைபேசியின் பிழை என்று முதலில் குறித்தும் வைத்துக்கொண்டேன். பிறகு பழைய ட்ரேசிங் தாளை எடுத்து ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன்.

பதினொரு வருடத்துக்கு முன் அச்சு வரைபடத்தின் மேல் அந்தத் தாளை வைத்து, கரையையும் பாதைகளையும் கீறி, இடங்களுக்குப் புள்ளி வைத்து, பிரதி எடுக்க டிலானின் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர்களைப் பிரதியில் எழுதுவதுதான் வரைபடம் கீறும் எங்கள் தொழில் வழக்கம். டிலான் மெல்லிய தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "அங்கிள், மே பெத்தத, அர பெத்தத?" என்று கேட்டான். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று. பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று பார்க்காமலே "ஹரி, ஹரி" என்றேன், சரி, சரி என்று. அவன் தாளைக் கவிழ்த்து வைத்து அடித்திருக்கிறான். இறங்குதுறை வடக்கில் நடுவே இருப்பதால் அது அதிகம் அசையவில்லை, எனக்கும் சந்தேகம் வரவில்லை. கவிழ்ந்து கிடந்த தீவின் மேல் நான் அழகான எழுத்தில் பெயர் எழுதினேன். கோபுரம் உண்மையில் கிழக்குப் பக்கம், உமக்கு இடப்பக்கம்.

ரஜனிக்கு அழைத்தேன். "வரைபடம்" என்று தொடங்கினேன். "எழுதி அனுப்புங்கோ அத்தான்" என்று வைத்துவிட்டாள். தபால் நேரத்துக்கு வராது. ஆகவே நேற்று ரெயில் ஏறினேன். ஆம், ஏறினேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஒரு விடுதியில் தங்கி, காலை முதல் பஸ்ஸில், நெடுந்தீவுப் படகு புறப்படும் இந்தத் துறைக்கு வந்துவிட்டேன். படகில் வேலை செய்யும் றேமண்ட் என்பவர் இதை உம்மிடம் தருவார். ஏன் நானே கொண்டுவரவில்லை என்று அவரும் கேட்டார்.

மு. நாகேந்திரம்


நெடுந்தீவு
04.03.2025, மாலை

நாகேந்திரம் அவர்களுக்கு,

கடிதம் பிந்திவிட்டது. நாங்கள் காலையிலேயே வெளிக்கிட்டுவிட்டோம். வலப்பக்கம்தான்.

திட்டத்தில் "8.20: பாதை கடலை விட்டு விலகும்" என்றிருந்தது. கடல் வலப்பக்கம் கூடவே வந்தது. "கொஞ்சம் பொறு, விலகும்" என்று ரஜனிக்குச் சொன்னேன். "8.45: பெரிய மரம், நிழலில் தண்ணீர் குடிக்கவும்" என்றிருந்தது. மரம் இல்லை. ஒரு குதிரை நின்றது. இரண்டு பக்கமும் முருகைக்கல் அடுக்கிய வேலி, சீமெந்து ஒரு துளி இல்லை. வழியில் சைக்கிளில் ஒருவர் வந்தார்.

"எங்கை அம்மா போறியள்?"

"கோபுரத்துக்கு."

"கோபுரமோ? அது அங்கால் பக்கம் எல்லோ. இது மேற்கு."

"இல்லைத் தம்பி. இது கவண்மேந்திலை முப்பத்தாறு வருசம் மப் கீறின ஆள் கீறினது. பிழைக்காது."

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப தீவுதான் பிழை எண்டுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஒருக்கா வடிவா யோசிச்சுப் பாருங்கோ எண்டன்."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் பிறந்த ஊரின் திசையைப் பற்றி நான் அவர்களோடு அரை மணித்தியாலம் வாதாடினேன். உங்களுக்காக. வீட்டில் நான் உங்களுக்காக இப்படி வாதாடியது கிடையாது. முடிவில் ஒரு பெண் பாவம் பார்த்து வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒடியல் கூழ் தந்தாள். அங்கே அவளுடைய மாமி, பக்கத்து வீட்டார், எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் கதைப்பதற்கென்று நீங்கள் திட்டத்தில் ஒதுக்கியிருந்த நேரம் முழுவதும் செலவானது. அதைத் திருத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

திரும்பி வந்தபோது சுதர்சினி உங்கள் கடிதத்தோடு வாசலில் நிற்கிறாள். வாசித்து முடித்ததும் ரஜனி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். பிறகு எழும்பி, பௌடர்ப் பெட்டிக் கண்ணாடியை எடுத்து வரைபடத்துக்கு முன்னால் பிடித்தாள். தீவு சரியாகிவிட்டது. பெயர் ஒன்றும் வாசிக்க முடியாது, ஆனால் வழி சரி. இனிக் கண்ணாடியோடுதான் நடக்கப் போகிறோம்.

கோபுரத்துக்கு மட்டும் நான் போகவில்லை. அதை நீங்கள் வந்து காட்டுங்கள். நீங்கள் ஒரு மணித்தியாலப் படகுத் தூரத்தில் நிற்கிறீர்கள். 1974இலிருந்து பார்த்தால் இதுதான் நீங்கள் வந்த மிகக் கிட்டிய இடம்.

அன்னம்


குறிகட்டுவான் இறங்குதுறை
06.03.2025, காலை

அன்புள்ள அன்னம்,

நேற்றுக் காலை உம்முடைய கடிதம் வந்தது. உடனே படகில் ஏறத் தீர்மானித்தேன். தீர்மானம் காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் எடுக்கப்பட்டது. கடல் தட்டுப்போல இருந்தது, அதைச் சாட்டாகச் சொல்ல முடியாது. காலையில் ஒரு காலை வைத்தேன். படகு அசைந்தது. றேமண்ட் சொன்னார்: "ஐயா, ஒரு கால் படகிலை, ஒரு கால் துறையிலை. ரெண்டுக்கும் நடுவிலை கடல் இருக்கு. கெதியா ஒண்டை முடிவெடுங்கோ." நான் துறையை முடிவெடுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு ஆட்டுக்குட்டி தானாகவே ஏறிக்கொண்டது. பிற்பகலில் கால் வைக்கவும் இல்லை.

மாலை வரை அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்கள் படகு படகாகப் போய் வந்தார்கள். என்னைவிட வயதானவர்களும் போனார்கள். அப்போது ஒன்று விளங்கியது. அதை எழுதக் கை வரவில்லை, என்றாலும் எழுதுகிறேன். எழுபத்துநான்கில் நான் உமக்காகப் பயந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது சரியல்ல. நீர் போயிருப்பீர், நன்றாகப் படிப்பித்துமிருப்பீர். உம்மைப் பார்க்க மாதத்துக்கு ஒரு தடவை நான் படகு ஏற வேண்டியிருக்குமே என்றுதான் பயந்தேன். என் பயத்துக்கு உம்முடைய வேலையைக் கொடுத்துவிட்டேன். வரைபடப் பிழையை விட இது பெரிய பிழை. இதற்கு ஒரு திருத்தம் எனக்குத் தெரியவில்லை.

இன்று பிற்பகல் படகு போகும்வரை இங்கே நிற்பேன். பிறகு விடுதிக்குப் போய், நாளைக் காலை ரெயிலில் கொழும்புக்குத் திரும்புவேன். நீர் கோட்டையில் இறங்கினால் நான் குறை நினைக்க மாட்டேன்.

நாகேந்திரம்


நெடுந்தீவு
06.03.2025, மாலை

அன்புள்ள அன்னம்,

முகவரியை மறுபடி வாசிக்கவும். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மதியம் றேமண்ட் திரும்பி வந்தார். "அம்மாட்டைக் குடுத்திட்டன் ஐயா."

"என்ன சொன்னவ?"

"வாசிச்சவ. பிறகு ரெண்டாந்தரமும் வாசிச்சவ. பிறகு அழுதவ."

நான் படகில் ஏறிவிட்டேன். எப்படி என்று கேட்டால் என்னால் வரிசையாக வைக்க முடியாது. பாதுகாப்பு அங்கியை றேமண்ட்தான் கட்டிவிட்டார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஆயிரத்து எழுநூறு அளவில் பெரிய கூச்சல் கேட்டது. எங்கள் படகில் இருந்தவர்களும் கத்தினார்கள், வெளியேயும் யாரோ கத்தினார்கள். படகு தாழ்கிறது என்று நினைத்தேன். அதைப் பார்க்க விரும்பாதபடியால் கண்ணைத் திறக்கவில்லை, எண்ணுவதையும் நிறுத்தவில்லை. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் தீவு.

வழி கேட்டுக் கேட்டுச் சுதர்சினி வீட்டுக்கு வந்தேன். என் வரைபடத்தை நான் எடுக்கவில்லை. ரஜனி வாசலில் நின்று வாயில் கை வைத்தாள். "ஐயோ அத்தான்! உங்களைக் கூட்டியர எண்டு அக்கா இப்ப எல்லோ படகெடுத்தவ! நாளைக்கு ரெயிலேறிப் போயிடுவார், அதுக்குள்ளை பிடிக்கோணும் எண்டு ஓடினவ!"

இனிமேல் இன்று படகில்லை. உம்முடைய தொலைபேசி இங்கே தலையணைக்கு அடியில் ஒலிக்கிறது. அழைத்தது நான்தான்.

நாளைக் காலைப் படகில் நான் திரும்பி வரலாம். ஆனால் நீரும் அதே நேரம் வெளிக்கிட்டால் மறுபடியும் நடுக்கடலில் கடந்து போவோம். இரண்டு பேரும் காத்திருந்தால் இரண்டு பேரும் தனித்தனியே இருப்போம். தாளில் நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தேன். யாராவது ஒருவர் அசையாமல் இருக்க வேண்டும். அதில் எனக்கு அனுபவம் அதிகம். ஆகவே நான் இங்கேயே இருக்கிறேன். நீர் வாரும்.

மாலையில் மேற்குப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தேன். சூரியன் என் வரைபடத்தில் உதிக்க வேண்டிய கரையில் மறைந்தது. மிகவும் அழகாக இருந்தது. அந்தச் சைக்கிள்காரர் என்னைப் பார்த்து, "நீங்களோ அந்த மப் கீறினவர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பரவாயில்லை ஐயா, நாங்களும் வீட்டை போய் ஒருக்கா சரிபார்த்தனாங்கள்" என்றார்.

இதைக் காலைப் படகில் றேமண்ட் கொண்டுவருவார்.

நாகேந்திரம்


குறிகட்டுவான் இறங்குதுறை
07.03.2025, காலை 8.05

இஞ்சாருங்கோ,

றேமண்ட் கடிதத்தைத் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார், நான் இதை எழுதி முடிக்கும்வரை.

நடுக்கடலில் உங்களைக் கண்டேன். செம்மஞ்சள் அங்கியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு இருந்தீர்கள். "இஞ்சாருங்கோ" என்று கத்தினேன். எங்கள் படகு முழுவதும் "இஞ்சாருங்கோ" என்று கத்தியது. நேவிக்காரன்கூடக் கத்தினான். உங்கள் படகிலிருந்து எல்லோரும் எங்களுக்குக் கை காட்டினார்கள், உங்களைத் தவிர. எனக்குக் கோபம் வரவேண்டும். எழும்பி நின்று, "அவர் படகிலை இருக்கிறார்! படகிலை இருக்கிறார்!" என்று எல்லோருக்கும் காட்டினேன். பிடித்து இருத்திவிட்டார்கள்.

நேற்று பஸ் நிலையத்தடியில் விசாரித்து, உங்கள் விடுதி அறையில்தான் தங்கினேன். முதலாளி சந்தேகப்பட்டார். உங்கள் கடிதங்களைக் காட்டினேன். அவர் தன்னுடைய பதிவுப் புத்தகத்தில் உங்கள் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி வடிவா ஆரும் எழுதினதில்லை" என்று திறப்பைத் தந்தார்.

திருத்தம் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தெரியவில்லை. எழுபத்துநான்கை ஒருவரும் திருத்த முடியாது. ஆனால் நீங்கள் அதை எழுதினீர்கள், எழுதிய அன்றைக்கே படகும் ஏறினீர்கள். வேறு என்ன வேண்டும் என்று இரவு முழுக்க யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

இந்தப் படகில் எனக்கு இடமில்லை. காலைப் படகில் ஆசிரியர்களுக்குத்தான் முதலிடமாம். நேவிக்காரன் "நீங்கள் ரீச்சரோ அம்மா?" என்று கேட்டான். "வந்திருக்க வேண்டியவள், கொஞ்சம் பிந்திவிட்டேன்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அடுத்த படகில் வருகிறேன். கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்புவோம். டிக்கெட்டை இன்று யாழ்ப்பாணத்திலேயே பதியச் சொல்லி விடுதிக்காரரிடம் விட்டிருக்கிறேன். ரஜனிக்குக் கோட்டைக்கு ஒன்று, வெள்ளவத்தைக்கு இரண்டு.

அசையாமல் இருப்பேன் என்றீர்கள். நல்லது. இறங்குதுறை வரை மட்டும் அசைந்து வாருங்கள். அங்கே நில்லுங்கள், எந்தப் படகிலும் ஏறிவிடாதீர்கள். கண்ணை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

அன்னம்